மடிச்சூடு – 9: கதவுக்கு வெளியே நின்ற மருந்து

கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை. இந்தப் பக்கம் தாய். நடுவில் டாக்டர் எட்கர் ரேய் சனாப்ரியா.

சென்ற வாரம் அவரை அப்படியே நிற்கவைத்துவிட்டுத்தான் விடைபெற்றோம். ஒரு வாரமாக நீங்களும் காத்திருக்கிறீர்கள், அவரும் காத்திருக்கிறார். வாருங்கள், உள்ளே போவோம்.

இடம், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. 1978. கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இரவானால் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அந்த ஊரின் ஏழைப் பெண்களெல்லாம் பேறுகாலத்துக்கு வந்து சேரும் இடம் அரசு தாய்சேய் மருத்துவமனை. ரேய் அங்கே குழந்தைகள் நல மருத்துவர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும்கூட.

பாரிஸ் மருத்துவர் பியேர் பூதேன் என்ன எச்சரித்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இன்குபேட்டர் பெட்டி குழந்தையைக் காப்பாற்றும். ஆனால் தாயைத் தள்ளிவைத்தால் அவளுடைய ஒட்டுதல் அறுந்துபோகும் என்று எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். கோனி தீவில் 25 சென்ட் நுழைவுக் கட்டணத்துக்குக் குறைமாதக் குழந்தைகளைக் காட்டி, அந்தக் காசிலேயே அவர்களைப் பிழைக்கவும் வைத்த மார்ட்டின் கூனியையும் பார்த்துவிட்டோம். ஒரு வழியாகப் பெரிய மருத்துவமனைகள் அந்தப் பெட்டியை ஏற்றுக்கொண்டன. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பின. கூடவே தாயையும் அனுப்பிவிட்டன.

கிருமி வரும் என்பது காரணம். தாயின் கை, தாயின் மூச்சு, தாயின் சேலையோ சட்டையோ எல்லாமே ஆபத்து என்று மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தொடக்கூடாது.

ரேய் படித்ததும் அதைத்தான்.

ஆனால் அவர் கண்ணெதிரே நடப்பது வேறு. "குழந்தையைப் பெட்டியில வச்சிருக்காங்க" என்று நம்மூரில் சொல்வார்களே, அந்த இன்குபேட்டர் பெட்டிகள் இங்கே பற்றவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு குழந்தைகள். சில நாள் மூன்று. ஒன்றுக்கு வந்த தொற்று பக்கத்தில் கிடப்பதற்கும் வருகிறது. சுத்தத்துக்காகத் தாயை வெளியே நிறுத்திய அறைக்குள்ளேயே கிருமி பெட்டி பெட்டியாகத் தாவுகிறது. செவிலியர்கள் ஓடி ஓடிக் களைக்கிறார்கள். குழந்தைகள் இறக்கின்றன.

இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லவே மனம் கனக்கிறது.

பிழைத்த குழந்தைகளில் சிலவற்றை வாங்கிப்போக யாரும் வரவில்லை.

அந்தத் தாய்மாரைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்லிவிடலாம். சுலபம். ஆனால் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். பிரசவம் முடிந்த கையோடு குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாரக்கணக்கில் தொடவில்லை. பால் கட்டி, வலித்து, வற்றிப்போனது. வீட்டில் மற்ற பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன. பேருந்துக்குக் காசில்லை. போனாலும் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இது பிழைக்காது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு முறைகூட மார்பில் கிடந்திராத குழந்தையைத் தன் குழந்தை என்று அவள் உடம்பு எப்படி நம்பும்?

பூதேனின் எச்சரிக்கை பொகோட்டாவில் பலித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் எந்த மருத்துவமனைத் தலைவரும் என்ன செய்வார்? இன்னும் நாற்பது பெட்டி வேண்டும் என்று அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவார். பணம் வராது. மறுபடி எழுதுவார். உலகம் முழுக்க எத்தனையோ மருத்துவமனைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. ஆகவே, பெட்டிப் பஞ்சம்தான் ரேயின் கண்டுபிடிப்பைப் பெற்றெடுத்தது என்று பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. பஞ்சம் எல்லா ஊரிலும் இருந்தது. கதவுக்கு வெளியே நிற்பவளைத் திரும்பிப் பார்த்தவர் ஒருவர்தான்.

அவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது கங்காரு.

வேறு எதற்கோ படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு கட்டுரை அது. கங்காருவின் உடலியலைப் பற்றியது. சிவப்புக் கங்காரு கருவைச் சுமப்பது ஏறத்தாழ 33 நாள்தான். பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராம்கூடத் தேறாது. கண் திறக்கவில்லை, பின்னங்கால் உருவாகவில்லை, ரோமமில்லை. அந்த ஜீவன் முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு தானே மேலே ஏறுகிறது. பைக்குள் இறங்குகிறது. முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கில் அங்கேயே. சூடு, பால், பாதுகாப்பு மூன்றும் ஒரே இடத்தில்.

அந்த இனத்தில் எல்லாக் குட்டியும் குறைமாதக் குட்டிதான்.

எல்லாமே பெட்டி இல்லாமல்தான் பிழைக்கின்றன.

இந்த இடத்தில்தான் ரேயின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். விலங்கைப் பற்றிப் படித்து வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது எல்லோரும் செய்வது. அவர் தன் வார்டுக்கு வந்து, தான் கற்ற பாடத்துக்கு நேர் எதிரான ஒன்றைச் செய்யத் துணிந்தார். தாயை உள்ளே கூப்பிடுவது. குழந்தையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது. அதன் உடுப்பைக் கழற்றுவது. அவள் சட்டைக்குள், தோலோடு தோலாக, நெஞ்சுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுவது.

தவறினால்? ஒரு பிஞ்சுயிர் போகும். கூடவே ஒரு பேராசிரியரின் பெயரும் போகும்.

கதவு திறந்தது.

அந்த முதல் மணி நேரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவசரமே வேண்டாம். இந்தத் தொடர் முழுவதும் இந்த ஒரு மணி நேரத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

குழந்தைக்கு இடுப்பில் ஒரு துணி. தலையில் தொப்பி. காலுறை. வேறொன்றும் கிடையாது. தோல் காகிதம்போல மெலிந்திருக்கிறது. உள்ளே ஓடும் நரம்பு தெரிகிறது. உடம்பில் கொழுப்பு இல்லை. ஆகவே சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வழியில்லை. குளிர்ந்தால் நடுங்கக்கூடத் தெரியாது. குளிரக் குளிர ஆக்ஸிஜன் தேவை ஏறும், மூச்சு தடுமாறும். மூச்சு விடுவதையே அவ்வப்போது மறந்துபோகிற வயது அது.

தாயைச் சாய்வாக உட்காரவைக்கிறார்கள். இரண்டு மார்புக்கும் நடுவில் குழந்தையை நிமிர்த்தி வைக்கிறார்கள். கால்கள் தவளைபோல மடங்கியிருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மோவாய் சற்றே உயர்ந்திருக்க வேண்டும்; குனிந்துவிட்டால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்த முறையின் உயிரே அந்தக் கழுத்துச் சாய்வில்தான் இருக்கிறது. மேலே ஒரு துணிக்கச்சை. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அதற்கு மேல் அவளுடைய உடுப்பு.

முதல் சில நிமிடம் தாய் அசையவே பயப்படுகிறாள். எங்கே நசுங்கிவிடுமோ என்று தன் மூச்சையே சின்னதாக்கிக்கொள்கிறாள்.

அதற்குள் அவள் தோல் வேலையைத் தொடங்கிவிட்டது.

குழந்தை குளிர்ந்திருந்தால் தாயின் மார்புத் தோல் சூடாகிறது. குழந்தைக்குச் சூடு போதுமென்றால் அந்தத் தோல் தணிகிறது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வெப்பமானி வைத்து இதை அளந்தார்கள். இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொரு மார்பில் கிடத்தியபோது, ஒவ்வொரு மார்பும் தன்மேல் கிடந்த குழந்தையின் தேவைக்கு ஏற்பத் தனித்தனியாகச் சூட்டை மாற்றிக்கொண்டதைக் கண்டு மலைத்துப்போனார்கள். எந்தத் தொழிற்சாலையும் இப்படியொரு பெட்டியைச் செய்யவில்லை.

குழந்தையின் காதுக்குக் கீழே ஓர் இதயம் அடித்துக்கொண்டிருக்கிறது. கருவறையில் நாள் முழுக்கக் கேட்ட அதே சத்தம். அவள் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறது. அந்த அசைவு குழந்தைக்கு மூச்சை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த நாடி சீராகிறது. பெட்டிக்குள் கையும் காலும் உதறிக்கொண்டு கிடந்தது அடங்குகிறது. தூங்குகிறது. மேலோட்டமான தூக்கம் இல்லை, ஆழ்ந்த தூக்கம். மூளை தன்னைக் கட்டிக்கொள்வது இப்படிப்பட்ட தூக்கத்தில்தான்.

தாயின் பக்கம் என்ன நடக்கிறது? அவள் ரத்தத்தில் ஆக்ஸிடோசின் ஏறுகிறது. வற்றிவிட்டது என்று நினைத்த மார்பு கனக்கிறது. பால் கசிகிறது. உறிஞ்சி விழுங்கி மூச்சு விடுகிற மூன்று வேலையையும் சேர்த்துச் செய்யக் குழந்தைக்கு இன்னும் சில வாரம் பிடிக்கும். அதுவரை பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். நம்மூர் பிரசவ வார்டுகளில் பாலாடையில் புகட்டுவார்களே, அதே பொறுமைதான் இங்கேயும். அந்தப் பாலில், அவள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறாளோ அந்தக் காற்றின் கிருமிகளுக்கு எதிரான காப்பு இருக்கிறது. கிருமி கொண்டுவருவாள் என்று யாரை வெளியே நிறுத்தினார்களோ, அவளிடமே கிருமிக்கு எதிரான படையும் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவள் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புரியும். இவள் இனி இந்தக் குழந்தையை விட்டுவிட்டுப் போக மாட்டாள்.

ஒரு மணி நேரம் ஒரு நாளானது. ஒரு நாள் வாரமானது. இரவும் பகலும் குழந்தை நெஞ்சிலேயே. தாய் தூங்குவதும் சாய்ந்த நிலையில்தான். குளிக்கப் போனால் கணவனோ அவளுடைய அம்மாவோ வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எதுவரை? குழந்தையே சொல்லும். நாள் நிரம்பும் தறுவாயில், எடை ஏறி, கைகால் வலுத்து, ஒரு நாள் நெளிய ஆரம்பிக்கும். கச்சையை உதைக்கும். போதும், இறக்கிவிடு என்று அர்த்தம்.

ரேய் தொடங்கியதை எக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர் ஏற்று வளர்த்தார். அவர் எடுத்த அடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. குழந்தைக்கு மூச்சு சீராகிவிட்டது, பால் இறங்குகிறது, எடை ஏறத் தொடங்கிவிட்டது என்றால், எடை இத்தனை ஆக வேண்டும் என்று காத்திருக்காமல் அம்மாவின் நெஞ்சோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது. மறுபடி மறுபடி வரவழைத்துப் பார்ப்பது. வெளிநோயாளிகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருடைய சட்டைக்குள்ளும் ஒரு சின்னத் தொப்பி தெரிந்தது.

செய்தி பரவியது. யுனிசெஃப் கேள்விப்பட்டது. பொகோட்டாவில் அற்புதம், ஒரு கிலோக் குழந்தைகள்கூடப் பெட்டி இல்லாமல் பிழைக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதின. ஏழை நாடுகளுக்கு நல்ல வழி என்று பணக்கார நாட்டு நிபுணர்கள் பாராட்டினார்கள்.

அந்தப் பாராட்டைக் கூர்ந்து கவனியுங்கள். ஏழை நாடுகளுக்கு! வாங்க முடியாதவர்களுக்கு அம்மா. வாங்க முடிந்தவர்களுக்குப் பெட்டி. பல ஆண்டுகள் இந்த முறையின் கழுத்தில் அந்தப் பலகைதான் தொங்கியது. அதைக் கழற்ற எத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது!

முதல் அடி லண்டனிலிருந்து விழுந்தது.

ஆண்ட்ரூ வைட்லா, காத்ரின் ஸ்லீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள். இருவரும் பொகோட்டாவுக்கே வந்து இறங்கினார்கள். தாய்மாரைப் பார்த்தார்கள். குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறகு எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்கள்.

கணக்கைக் காட்டுங்கள்.

பதிவேடுகளைப் பார்த்தால், நெஞ்சில் கட்டப்பட்டதெல்லாம் முதல் சில நாளைத் தாண்டிய குழந்தைகள். நிலைபெற்றவை. மிகவும் நலிந்து பிறந்தவை அதற்கு முன்பே இறந்துவிட்டன. அந்த மரணங்கள் இந்தக் கங்காரு முறையின் கணக்கில் ஏறவே இல்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் பிழைத்ததாகத்தானே தெரியும்?

1985-ல் லான்செட் இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பையுள்ள தாய் என்பது ஒரு கட்டுக்கதை என்றது.

பொகோட்டாக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ராப்பகலாகப் பாடுபட்ட வார்டின்மேல் உலகின் பெரிய மருத்துவ இதழ் ஒன்று கல்லெறிந்தது. ஆனால் நான் இந்த லண்டன்காரர்கள் பக்கமும் நிற்கிறேன். அவர்கள் சொன்னது உண்மை. அன்பு பெரியதுதான், அதற்காக இறந்த குழந்தையைக் கணக்கிலிருந்து விடலாமா? அவர்களுடைய நேர்மைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பொகோட்டாத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் கண்ட நெருக்கம் வைட்லாவை விடவில்லை. ஊருக்குத் திரும்பியவர் லண்டனில், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில், தோலோடு தோல் அணைப்பைத் தானே சோதித்தார். அணைத்த தாய்மார் மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கு வாரம் கூடுதலாகப் பால் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் குறைவாகவே அழுதன.

கட்டுக்கதை என்று எழுதிய கையே அந்த அணைப்புக்குச் சான்றையும் எழுதியது.

ஆனாலும் பெரிய கேள்வி அப்படியே நின்றது. பொகோட்டா முறை முழுவதும், அணைப்பு, தாய்ப்பால், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்து, பெட்டிக்கு ஈடாகுமா? அதை நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. சீட்டுக் குலுக்குவது. பாதிக் குழந்தைகள் நெஞ்சுக்கு, பாதி பெட்டிக்கு. மருத்துவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தாயும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அதைச் செய்தவர் நதாலி ஷார்பாக். பிரான்சில் பிறந்து பொகோட்டாவில் வேரூன்றிய குழந்தை மருத்துவர். 1993 முதல் 1996 வரை 746 குழந்தைகள். பிறந்தபோது எல்லோரும் இரண்டு கிலோ அல்லது அதற்குக் கீழே. நெஞ்சில் கட்டி அனுப்புவது ஆபத்து என்று பயந்தவர்களுக்குப் பதில் கிடைத்தது: ஆபத்து இல்லை. கடுமையான தொற்று குறைவு. தாய்ப்பால் குடிப்பது அதிகம். மருத்துவமனை வாசம் குறைவு. இன்னொரு அளவும் வந்தது. தலைச் சுற்றளவு. நெஞ்சில் வளர்ந்த குழந்தைகளின் தலை கூடுதலாக வளர்ந்திருந்தது.

தலை வளர்கிறது என்றால் உள்ளே மூளை வளர்கிறது.

முதல் பிறந்தநாள் சமயத்தில் சோதித்தபோது, அறிவு வளர்ச்சியிலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அதிலும், பிறந்தபோது யார் மிகவும் நலிந்திருந்தார்களோ அவர்களிடம்தான் பலன் தூக்கலாக இருந்தது. எங்கே தேவை அதிகமோ அங்கே அணைப்பு அதிகம் வேலை செய்திருக்கிறது.

ஷார்பாக் அதோடு விடவில்லை. விடுகிற ஆள் இல்லை. இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் புறப்பட்டார். வீடு மாறியிருந்தார்கள், ஊர் மாறியிருந்தார்கள். வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். பிறந்தபோது 1,800 கிராமைத் தாண்டாதிருந்தவர்களில் 264 பேரைக் கண்டுபிடித்து உட்காரவைத்து, பேசி, சோதித்து, மூளையைப் படமெடுத்தார்.

பத்து மாதமோ பத்து வருடமோ இல்லை, இருபது வருடம்! கைக்குழந்தையாக இருந்தபோது சில வாரம் நெஞ்சில் கிடந்தது, இருபது வயது இளைஞனிடம் என்ன மிச்சம் வைத்திருக்கும்?

மிச்சம் இருந்தது.

நெஞ்சில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு. அடங்காத துறுதுறுப்பு, முரட்டுக் கோபம் குறைவு. மூளைப் படத்தில் இடதுபக்கக் காடேட் உட்கரு என்ற பகுதி அவர்களிடம் பெரிதாக இருந்தது. பிறந்த நாளில் மிக நலிந்திருந்தவர்களிடம் அந்த அறிவு வளர்ச்சிப் பலனும் அழியாமல் நின்றது. எல்லோருக்கும் அறிவு கூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. பெற்றோர். நெஞ்சில் சுமந்த பெற்றோர், பின்னாலும் பிள்ளையைக் கூடுதலாகக் காத்து, கூடுதலாகப் பார்த்து வளர்த்தார்கள். அந்தச் சில வாரம் குழந்தையை மட்டும் மாற்றவில்லை. வீட்டையே மாற்றியிருந்தது.

இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர் வேறொரு பக்கமிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கேட்டது முழு நாளும் அல்ல. தினம் ஒரு மணி நேரம், 14 நாள். அவ்வளவுதான். அணைக்கப்பட்ட 73 குறைமாதக் குழந்தைகள், பெட்டியிலேயே இருந்த 73 குழந்தைகள். பத்து வயதுவரை பின்தொடர்ந்தார். அணைக்கப்பட்டவர்களுக்குத் தூக்கம் ஒழுங்காக இருந்தது. பதற்றம் வந்தால் உடம்பு அளவாகக் கொதித்து அளவாக அடங்கியது. சிந்தனையைக் கட்டுக்குள் வைக்கும் திறன் மேலாக இருந்தது. பத்து வயதுப் பையன் பரீட்சை பயத்தைச் சமாளிக்கும் விதத்தில், அவன் நினைவிலேயே இல்லாத 14 மணி நேரம் கை கொடுக்கிறது!

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா?

லண்டன்காரர்கள் கேட்ட கேள்வியை மறந்துவிடாதீர்கள். அது இன்னும் உயிரோடிருக்கிறது.

பொகோட்டாவில், லண்டனில், இஸ்ரேலில், எல்லா இடத்திலும் தாயிடம் கொடுத்தது நிலைபெற்ற குழந்தையைத்தான். மூச்சு சீரான பிறகு. ஆபத்து தாண்டிய பிறகு. ஆனால் குறைமாதக் குழந்தைகள் அதிகம் இறப்பது எப்போது? பிறந்த முதல் சில நாளில். நிலைபெறும் முன்பே. அந்த நாள்களில் தாய் எங்கே இருக்கிறாள்? மாடியில் பிரசவ வார்டில். குழந்தை கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில். நடுவில் அதே கதவு.

ரேய் திறந்தது பாதிக் கதவுதான்.

மீதிக் கதவை ஜிம்பாப்வேயில் ஒரு சிறு மிஷன் மருத்துவமனை தற்செயலாகத் திறந்திருந்தது. ஊர் மனாமா. நில்ஸ் பெர்க்மன் என்ற மருத்துவரும் அக்னெட்டா யூரிசூ என்ற செவிலித்தாயும். அங்கே பெட்டியே கிடையாது. நிலைபெறட்டும் என்று காத்திருக்க வைப்பதற்கு ஓர் இடமே இல்லை. பிறந்ததும் தாயின் நெஞ்சு, அங்கேயேதான் நிலைபெற வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் பிழைத்த ஊரில், பாதிப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள்.

உண்மையா? இல்லை, இன்னொரு கணக்குப் பிழையா?

கேள்வியைத் தீர்க்க உலகச் சுகாதார நிறுவனம் இறங்கியது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா. ஐந்து நாடு, ஐந்து மருத்துவமனை. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. பிறந்தபோது ஒரு கிலோ முதல் 1,799 கிராம் வரையுள்ள குழந்தைகள். மீண்டும் சீட்டுக் குலுக்கல். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. நிலைபெற்ற பிறகே தாயின் நெஞ்சு. மீதிப் பாதிக்குப் பிறந்தவுடனே, குழாயும் ஆக்ஸிஜனும் பொருத்தியபடியே, தாயின் நெஞ்சில்.

அதற்குத் தாய் எங்கே படுப்பாள்? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே. அவளுக்கும் கட்டில் போட வேண்டும். அறுவை செய்து பெற்றவளாக இருந்தால் அவள் தையலையும் அங்கேயே பார்க்க வேண்டும். குழந்தை மருத்துவர்களும் பிரசவ மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும். அவள் எழுந்து போகும் நேரத்துக்கு, அவளே தேர்ந்தெடுத்த பாட்டியோ சித்தியோ வந்து நெஞ்சில் ஏந்த வேண்டும். காலணி கழற்றாமல் நுழையக்கூடாத அறைக்குள் ஒரு குடும்பமே குடியேறியது. மூத்த மருத்துவர்கள் பலருக்கு வயிற்றில் புளி கரைந்ததில் வியப்பில்லை. நாற்பது வருடமாகக் கட்டிக் காத்த சுத்தம் என்ன ஆகும்?

2017 முடிவில் ஆய்வு தொடங்கியது. 4,200 குழந்தைகள் வேண்டும் என்பது திட்டம். எந்தப் பாதியில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பது அங்கே ராப்பகலாக உழைக்கும் மருத்துவர்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது. அதைப் பார்க்கும் உரிமை வெளியே உள்ள ஒரே ஒரு கண்காணிப்புக் குழுவுக்குத்தான். அவர்கள் அவ்வப்போது எண்களைத் திறந்து பார்ப்பார்கள். மூடுவார்கள். தொடரலாம் என்பார்கள்.

2020 ஜனவரி. 3,211 குழந்தைகள் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஏறத்தாழ ஆயிரம் பேர் பாக்கி.

குழு எண்களைத் திறந்தது. இம்முறை தொடரலாம் என்று சொல்லவில்லை.

நிறுத்துங்கள். இனி ஒரு குழந்தையைக்கூடச் சீட்டுப் போட்டுப் பிரிக்காதீர்கள்.

இப்படி ஓர் ஆய்வை நடுவழியில் அவசரமாக நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால், ஒரு பாதியில் குழந்தைகள் மற்றப் பாதியைவிடத் தெளிவாக அதிகம் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

நெஞ்சில் கிடந்த பாதியா? பெட்டியில் கிடந்த பாதியா?

அடுத்த வாரம்.